வறண்ட ஆண்டில் ஒரு வட்டாரத்தின் தண்ணீரைப் பங்கிடுவது எப்படி?

மழைக்காலம் முடிந்த முதல் வாரத்திலேயே தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடுங்கள். வறட்சி என்று அறிவிப்பு வரட்டும் எனக் காத்திருந்தால் அதற்குள் விதைப்பு முடிந்துவிடும். நாற்று நட்டவரிடம் போய் தண்ணீர் கிடையாது என்று சொல்வது கொடுமை. நடுவதற்கு முன்னால் சொன்னால் அவர் வேறு பயிருக்குப் போக வழியிருக்கும்.

கணக்கில் முதல் சிக்கல் இருப்புதான். அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து, கொள்ளளவு அட்டவணையிலிருந்து இருப்பை எடுப்பது வழக்கம். அந்த அட்டவணை எந்த ஆண்டு தயாரித்தது என்று பாருங்கள். முப்பது ஆண்டுப் பழசு என்றால், அதற்குப் பிறகு படிந்த வண்டலும் தண்ணீராகவே கணக்கில் வரும். புதிதாக அளந்து திருத்தும்வரை இருப்பைக் குறைத்தே மதிப்பிடுங்கள். அடி மதகுக்குக் கீழே நிற்கும் தண்ணீரையும் கழித்துவிட வேண்டும். அது தானாக வெளியே வராது. பம்பு வைத்து எடுத்தாலும் சேறும் மாங்கனீசும் கலந்து வரும், சுத்திகரிப்பு நிலையம் திணறும்.

ஓர் எடுத்துக்காட்டு. அணையில் 400 லட்சம் கன மீட்டர் இருக்கிறது. மதகுக்குக் கீழே 60 லட்சம். அடுத்த மழைக்கு 9 மாதம், மழை தள்ளிப்போகலாம் என்பதற்கு 2 மாதம், ஆக 330 நாள். சராசரி நீர்ப்பரப்பு 5 சதுர கிலோமீட்டர். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 25,000 கன மீட்டர், 330 நாளுக்கு 82.5 லட்சம். குடிநீர் 4 லட்சம் பேருக்குத் தலைக்கு 100 லிட்டர் வீதம் நாளுக்கு 40,000 கன மீட்டர், மொத்தம் 132 லட்சம். இவை போக மிச்சம் 125.5 லட்சம் கன மீட்டர். இடையில் வரக்கூடிய நீர்வரத்தைச் சுழி என்றே வையுங்கள். வந்தால் லாபம்.

அந்த மிச்சம்தான் பாசனத்துக்கு. நெல்லுக்கு எக்டேருக்கு வயலில் 12,000 கன மீட்டர் தேவை என்று வைத்தால், வாய்க்காலில் 40 சதவீதம் போகும்போது அணையிலிருந்து 20,000 திறக்க வேண்டும். ஆக 627 எக்டேர்தான் விளையும். 3,500 கன மீட்டரில் முடியும் பயறு வகை என்றால் அதே தண்ணீரில் சுமார் 2,150 எக்டேர். இந்த இரண்டு எண்களையும் விவசாயிகள் கூட்டத்தில் பலகையில் எழுதிப் போடுங்கள். எண்ணைப் பார்த்து அவர்களே பேசி முடிவெடுத்தால் அது நிற்கும்; மேலிருந்து வரும் உத்தரவு மதகடியில் சண்டையாகத்தான் முடிகிறது.

நெல்தான் என்று முடிவானால் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள பைப்பில் கீழ்ப்பாதியைச் சுற்றித் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். உள்ளே தெரியும் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போன பிறகுதான் அடுத்த பாய்ச்சல், 5 செ.மீ. உயரத்துக்கு. நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் விதிவிலக்கு. அப்போது வயலில் தண்ணீர் நிற்கட்டும்; பூக்கும்போது காயவிட்டால் பதர்தான் மிஞ்சும்.

வாய்க்காலில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் விடுவது நியாயம் போலத் தோன்றும். ஆனால் பாதித் தண்ணீர் ஓடினாலும் நனையும் அடிப்பரப்பு பாதியாகக் குறையாது, கசிவும் பாதியாகாது. அதனால் கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேராது. முறை வைத்து, திறக்கும்போது முழு அளவில் திறந்து, பிறகு அடைத்துவிடுங்கள். முதல் முறை கடைமடைக்கே. தலைமடைக்காரர் முதலில் எடுத்துக்கொண்டால் கடைசி ஆளுக்கு வரும்போது நாள் தீர்ந்திருக்கும்.

அணைகள் பல இருந்தால், ஆழம் குறைந்து பரந்து கிடப்பதை முதலில் காலி செய்யுங்கள்; வெயில் அதிகம் குடிப்பது அதைத்தான். நிலத்தடி நீரைக் கடைசி மாதங்களுக்கு வையுங்கள். மட்டத்தை வாரம் ஒருமுறை, விடியற்காலையில், பம்பு ஓடத் தொடங்கும் முன் அளக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றில் எடுத்த அளவு பொய் சொல்லும். கடலோரத்தில் உப்பையும் சேர்த்து அளந்துகொண்டே வாருங்கள்: நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் சுமார் 40 மீட்டர் மேலேறும். உப்பேறிய கிணறு பல ஆண்டுகளுக்குத் திரும்பாது.

நகரத்தில் முதல் வேலை, குழாயில் அழுத்தத்தைக் குறைப்பது. 30 மீட்டர் அழுத்தத்தில் (அதாவது 30 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தம்) 3 மி.மீ. துளை ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டரைக் கசியவிடும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் அதே துளையில் சுமார் 6,300 லிட்டர். பிளாஸ்டிக் குழாயில் விழுந்த கீறல் என்றால் இன்னும் அதிகம் மிச்சமாகும், அழுத்தம் குறையும்போது கீறலே சுருங்கிவிடுவதால். பிறகு பகுதி பகுதியாக வால்வை அடைத்து, ஒரே மீட்டர் வழியாகத் தண்ணீர் விட்டு, இரவு 2 முதல் 4 மணிவரை ஓட்டத்தைப் பாருங்கள். ஊர் தூங்கும் நேரத்தில் ஓடுவதில் பெரும்பங்கு கசிவு. எந்தப் பகுதியில் அது அதிகமோ அங்கே ஆட்களை முதலில் அனுப்புங்கள். வீட்டு மேல்தொட்டிகள் இரவில் நிரம்பும் ஊராக இருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும், அதைக் கழித்துப் பாருங்கள்.

சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் முறைக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும். குழாய் காலியானதும் வெளியே தேங்கிய சாக்கடை கசிவுத் துளை வழியாகவே உள்ளே இழுக்கப்படும். மறுபடி திறக்கும்போது காற்று அடைத்துக் குழாய் வெடிக்கும், மீட்டர் காற்றிலேயே சுற்றும். அந்த நிலை வந்துவிட்டால் வால்வை மெதுவாகத் திறங்கள். வீட்டுக் குழாய்முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். கடைசி வீட்டில் சோதிக்க வேண்டும். தொட்டியடியில் சோதித்து என்ன பயன்?

கட்டுப்பாடுகளைப் படிகளாக வகுத்து, எந்த இருப்பில் எந்தப் படி என்று முன்கூட்டியே எழுதி வெளியிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 2018 பிப்ரவரியில் தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு வந்தது. அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை அடைப்போம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நாள் வரவில்லை. இருப்பை வாரந்தோறும் ஊரறியச் சொல்லிவிட்டால் மக்கள் ஒத்துழைப்பார்கள். ஆனால் பெரிய வளாகங்களின் புல்வெளி பச்சையாக இருக்கும்வரை யாரும் நம்பமாட்டார்கள்; அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் மழை பெய்ததும் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லி நெருக்குவார்கள். காய்ந்த மண் அந்த மழையைக் குடித்துவிடும், அணைக்கு வருவது சொற்பம். 40 சதவீத இருப்பில் ஒரு படியை ஏற்றினீர்கள் என்றால், 50 சதவீதத்தைத் தாண்டி நான்கு வாரம் நின்ற பிறகு இறக்குங்கள். அழுத்தக் குறைப்பை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.