கணக்கு இலாபமும் வரிக்குரிய வருமானமும்: திருகோணமலைக் கம்பனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலாவெளியில் ஹோட்டலும் சுற்றுலாப் படகும் நடத்தும் ஒரு கம்பனியை எடுத்துக்கொள்வோம். வரிக்கு முந்திய இலாபம் 40 இலட்சம். அதில் 30 சதவீதத்தை எடுத்து, 12 இலட்சம் வரி என்று எழுதிவிடுவதுதான் முதல் பிழை. 40 இலட்சம் வெறும் தொடக்கப் புள்ளி. சட்டம் ஏற்காத செலவுகளைக் கூட்டி, சட்டம் தரும் கழிவுகளைக் குறைத்த பின்னரே வரி வீதத்தைப் போட வேண்டும்.

பெரும் வித்தியாசம் பெறுமானத் தேய்வில்தான். 60 இலட்சம் ரூபாய்ப் படகை 12 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் கணக்கில் ஆண்டுக்கு 5 இலட்சம் விழும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் படகுக்கு 5 ஆண்டுகள். அதன்படி மூலதனக் கொடுப்பனவு, அதாவது தேய்வுக்குப் பதிலாகச் சட்டம் தரும் கழிவு, ஆண்டுக்கு 12 இலட்சம். ஆகவே 5 இலட்சத்தைக் கூட்டி 12 இலட்சத்தைக் கழிக்க வேண்டும். கூட்டாமல் கழித்தால் ஒரே படகுக்கு இரண்டு கழிவு எடுத்ததாகிவிடும்.

திகதியிலும் கவனம் வேண்டும். மே மாத சீசனுக்கென்று பெப்ரவரியில் வாங்கிய படகு, வரி ஆண்டு முடியும் மார்ச் 31 வரை தொழிலில் இறங்காமல் கரையிலேயே கிடந்தால் அந்த ஆண்டுக்குக் கொடுப்பனவு இல்லை. அதற்குள் தொழிலில் இறங்கியிருந்தால் முழு 12 இலட்சமும் கிடைக்கும், மாதக்கணக்குப் பார்ப்பதில்லை. இயக்குநர்கள் ஓடித்திரியும் காருக்கோ கொடுப்பனவே கிடையாது.

திருத்தச் செலவைப் பலர் அப்படியே கழித்துவிடுகிறார்கள். முந்திய ஆண்டிறுதியில் வரிக்கணக்கில் எஞ்சிய பெறுமதியில் 20 சதவீதமே எல்லை. கட்டடமென்றால் 5 சதவீதம். படகின் மீதி 48 இலட்சமாக இருக்க, எஞ்சினுக்கும் அடிப்பலகைக்கும் 12 இலட்சம் செலவானால் 9.6 இலட்சமே கழியும். மிச்ச 2.4 இலட்சம் படகின் கிரயத்தோடு சேரும்.

உபசரணைச் செலவு, அரசுக்குக் கட்டிய தண்டப்பணம் இரண்டையும் கூட்ட வேண்டும். பணிக்கொடை ஏற்பாட்டையும் (ஊழியர் விலகும்போது கொடுக்க வேண்டியதற்காகக் கணக்கில் முன்கூட்டி ஒதுக்கும் தொகை) கூட்டி, ஊழியருக்கு உண்மையில் கொடுத்த தொகையை மட்டும் கழியுங்கள்.

பிற்போடப்பட்ட வரியை, அதாவது கணக்குக்கும் வரிக்கும் உள்ள தற்காலிக வித்தியாசத்தால் பின்னொரு காலத்தில் வரும் வரியை, இப்போது செலுத்த வேண்டிய வரியென்று எண்ணாதீர்கள். படகின் 7 இலட்ச வித்தியாசத்துக்கு 30 சதவீதப்படி 2.1 இலட்சம் கணக்கில் பொறுப்பாகப் பதியப்படும், இறைவரித் திணைக்களத்துக்கு இப்போது போகாது. 6 ஆம் ஆண்டிலிருந்து கொடுப்பனவு தீர்ந்து, தேய்வு மட்டும் தொடரும்போது அந்தப் பொறுப்பு படிப்படியாகக் கரையும். தண்டப்பணத்துக்கு இப்படிப் பதியவே கூடாது. அந்த வித்தியாசம் என்றைக்கும் திரும்பாது.

நட்டத்தை 6 ஆண்டுகளுக்கு மட்டுமே முன்கொண்டு செல்லலாம். எந்த ஆண்டின் நட்டம் எவ்வளவு மீதி என்ற அட்டவணையை, நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பிக்கும்போதே புதுப்பித்து வையுங்கள்.