சிங்கப்பூரில் டாக்கோ உண்ணும் முறை

சிங்கப்பூரில் மெக்சிகோவின் தெருவோர உணவான டாக்கோவை, அதாவது மெல்லிய ரொட்டியில் இறைச்சியோ காயோ வைத்து மடித்து உண்பதை, விற்கும் எளிய உணவகங்கள் இருக்கின்றன. அங்கே முதன்முறை செல்லும் நம்மவர்கள் பலர், நான்கு பேருக்குப் பன்னிரண்டு டாக்கோக்களை ஒரே நேரத்தில் வரவழைத்து, பேச்சை முடித்துவிட்டு நிதானமாக எடுக்கும்போது அவை ஆறி, நனைந்து, கிழியத் தொடங்கியிருப்பதைக் கண்டு, இந்த உணவே இவ்வளவுதான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். டாக்கோவைத் தோசையைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து எடுத்த தோசையைக் கால் மணி நேரம் காக்க வைப்பவர் நம்மில் யாரும் இல்லை. ஆளுக்கு இரண்டு டாக்கோ சொல்லி, அவற்றை உண்டு முடித்தபின் அடுத்த இரண்டைச் சொல்வதே சரியான முறை. மேசையில் உள்ள கியூஆர் குறியீட்டின் வழியாக உணவு கேட்கும் கடைகளில் இது இன்னும் எளிது.

முதல் இரண்டைத் தேர்ந்தெடுக்கும்போது இறைச்சியைவிட டோர்ட்டியா மீதே உங்கள் கவனம் இருக்கட்டும். டோர்ட்டியா என்பது டாக்கோவின் அடியில் இருக்கும் மெல்லிய மக்காச்சோள ரொட்டி. உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி, ஈரமாகவே அரைத்து மாவாக்குவது மெக்சிகோவின் தொல்குடி மக்கள் கண்டறிந்த முறை. வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். இப்படிச் செய்தால்தான் மாவு ஒட்டிச் சேர்ந்து தட்டையாக வருவதோடு, சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தும் உடலில் சேரும். இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துச் சென்ற ஐரோப்பாவில், அதையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களை நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது.

ஆகவே, டோர்ட்டியாவைக் கடையிலேயே செய்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டோர்ட்டியாவைக் கையில் எடுத்தவுடன் வறுத்த சோளத்தின் மணமும், மிக இலேசான சுண்ணாம்பு வாசமும் வரும், மடித்தால் முறியாது. கோதுமை மாவு டோர்ட்டியா போலி அன்று. அது வட மெக்சிகோவின் வழக்கம், அதில் உணவைச் சுருட்டித் தரும் புரீட்டோவும் அங்கிருந்து வந்ததே. மாறாக, எண்ணெயில் பொரித்து வளைத்த மொறுமொறுப்பான ஓடு அமெரிக்காவில் பெருகிய வடிவம். தெருவோர உணவைத் தேடிச் சென்றவர் அதில் தொடங்க வேண்டியதில்லை.

உள்ளே வைக்கும் இறைச்சியில் நான் முதலில் பரிந்துரைப்பது அல் பஸ்தோர். லெபனானிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா முறையில், மிளகாயும் செந்நிறம் தரும் அச்சியோத்தே விதையும் ஊறிய பன்றி இறைச்சியைச் செங்குத்துக் கம்பியில் அடுக்கிச் சுட்டு, அன்னாசித் துண்டுடன் சீவித் தருவார்கள். சிறிய கடைகளில் கம்பி இல்லாமல் தட்டையான இரும்புக் கல்லில் வாட்டித் தருவதும் உண்டு. ருசி குறையாவிட்டாலும், விளிம்பு கருகிய மெல்லிய சீவலின் சிறப்பு அதில் கிடைக்காது. கொழுப்பில் மெதுவாக வேகவைத்த கார்னிதாஸ், மசாலா சேர்த்த தொத்திறைச்சியான சோரிசோ ஆகியனவும் வழக்கமாகப் பன்றி இறைச்சியே. ஹலிஸ்கோ மாநிலத்தில் ஆட்டிறைச்சியில் தோன்றிய பிர்ரியா என்னும் மிளகாய்க் குழம்பு இறைச்சி, இன்று பல கடைகளில் மாட்டிறைச்சியில் செய்யப்படுகிறது. எனவே, மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் பெயரை மட்டும் நம்பாமல் கேட்டறிவது நல்லது. கோழி உண்பவர்களுக்குத் தக்காளியும் புகையூட்டிய மிளகாயும் சேர்ந்த திங்கா இருக்கிறது. ஹலால் உணவு தேவைப்படுவோர் கடையில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம்) வழங்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைவ உணவு உண்பவர்கள்தான் அதிகக் கவனம் கொள்ள வேண்டும். வெந்த பயற்றை மசித்து வதக்கும் பதார்த்தம் பார்ப்பதற்குச் சைவமாகத் தெரிந்தாலும், மரபுப்படி அது பன்றிக் கொழுப்பில் வதக்கப்படுவது. சிவந்த சோற்றைக் கோழி வேகவைத்த நீரில் சமைப்பதும் வழக்கம். கோதுமை டோர்ட்டியாவின் மாவிலும் கொழுப்பு சேரலாம். “இதில் இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்ற உண்மையான பதிலே வரும். “எந்த எண்ணெயில், எந்த நீரில் சமைத்தீர்கள்?” என்று கேட்டால்தான் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைக்கும். காளான், சுட்டு உரித்த பொப்லானோ மிளகாய், கள்ளித் தண்டு ஆகியவற்றில் செய்த டாக்கோ கிடைத்தால் அவசியம் உண்டு பாருங்கள்.

அடுத்தது டாக்கோவின் மீது ஊற்றிக்கொள்ளும் காரச் சட்னியான சல்சா. மிளகாய் இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. மெக்சிகோவோ அது பயிராகத் தொடங்கிய தாயகங்களுள் ஒன்று. காரம் நமக்குப் பழக்கம்தான் என்ற துணிவில் கரண்டி நிறைய ஊற்றிக்கொள்வது தவறு. பச்சைச் சல்சா பெரும்பாலும் தொமத்தீயோ என்னும் புளிப்புக் காயில் செய்வது. நிறத்தைக் கொண்டு அதன் காரத்தைக் கணிக்க முடியாது. மிளகாயின் காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஹலபேன்யோ மிளகாய் 8,000 வரை செல்லும். ஹபனேரோவோ 1 லட்சத்தைத் தாண்டும். ஹபனேரோவில் முதலில் பழவாசம் வரும், காரம் சற்றுப் பிந்தியே ஏறும். எனவே ஒரு துளியை நாவில் வைத்து, அரை நிமிடம் பொறுத்திருந்து, பிறகு அளவை முடிவு செய்யுங்கள். காரம் மிஞ்சிவிட்டால் தண்ணீர் உதவாது. காரப்பொருள் நீரில் கரையாது என்பதால் பாலேடு அல்லது பால் கேட்டு வாங்குங்கள்.

உண்ணும்போது கத்தியும் முள்கரண்டியும் வேண்டாம். கொத்தமல்லியும் வெங்காயமும் தூவி வரும் டாக்கோவின் மீது எலுமிச்சையைப் பிழிந்து, மூன்று விரல்களால் மடித்துப் பிடித்து, தட்டுக்கு மேல் குனிந்து, டாக்கோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். சாறு தட்டில் விழட்டும், சட்டையில் விழ வேண்டாம். சில கடைகளில் ஒரு டாக்கோவுக்கு இரண்டு டோர்ட்டியா அடுக்கித் தருவார்கள். அது தவறி வந்ததன்று. மேலே உள்ளது நனைந்தாலும் கீழே உள்ளது தாங்கும் என்பதற்காகவே. கடைசியில் சிந்திய இறைச்சியை அந்த இரண்டாவது டோர்ட்டியாவில் அள்ளி எடுத்தால் இன்னொரு சிறு டாக்கோ கிடைக்கும். என் விருப்பமான கவளம் அதுதான். குடிக்க, அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்த ஓர்ச்சாத்தா இந்தக் காரத்துக்கு மிகவும் பொருந்தும். புளிக்கரைசலில் இனிப்புச் சேர்த்த பானம் இருந்தால், பானகம் அறிந்த நாவுக்கு அது அந்நியமாகவே இருக்காது.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின் மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கூடும். 20 வெள்ளிக்கு உண்டவர் 23.98 வெள்ளி கொடுப்பார். சிங்கப்பூரில் அதற்கு மேல் அன்பளிப்பு கொடுப்பது வழக்கமில்லை.