துயரையும் சிறையையும் பாடும் கவிதைக்கு உங்கள் எதிர்வினையை எழுதும் முறை

துயரக் கவிதை ஒன்றைப் படித்ததும் "உள்ளத்தை உருக்குகிறது" என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் எழுத வழியின்றி நின்றுவிடும் மாணவர் பலர். இலங்கை மலையகத் தோட்டங்களில் வளர்ந்த நமக்குச் சொல்வதற்குப் பொருள் குறைவில்லை. அதைக் கவிதையின் எந்த அடியோடு பொருத்துவது என்பதே தெரிய வேண்டும். நம் முன்னோர் பாடிய ஒரு நாட்டார் பாடலையும் புறநானூற்றின் 74ஆம் பாடலையும் கொண்டு பழகுவோம்.

முதலில் பாடலை வாய்விட்டுப் படித்து, யார் யாரிடம் பேசுகிறார் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்.

கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

உடன்பிறந்த ஒருவர் அருகில் நிற்பவருக்கு மலையைச் சுட்டிக் காட்டுகிறார். அழுகையைப் பற்றியோ, அண்ணன் இறந்த விதம் பற்றியோ இவ்வடிகளில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்து, பாடலில் வரும் ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு அதன் வரலாற்றைத் தேடுங்கள். இந்தப் படியில் அவசரம் கூடாது. கோப்பிக் கன்று நம்மைத் தேயிலைக்கு முந்திய காலத்துக்கு அழைத்துச் செல்கிறது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பித் தோட்டங்களை அழிப்பதற்கு முன், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் பலர் வழியிலேயே மடிந்தார்கள். பாடலோ வழியைச் சொல்லாமல் மலையைச் சொல்கிறது. கன்று நட்ட மலையே அண்ணனைப் பறித்த மலையாகவும் இருக்க, அதைப் பார்த்துக்கொண்டே மறுநாளும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. இப்பாடலில் உள்ள சிறை அதுவே என்பது என் வாசிப்பு.

பின்பு மற்றப் பாடலை அருகில் வையுங்கள். சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்திக் கிடைத்தபோது அதைப் பருகாமல் உயிர்விட்டான் என்று அப்பாடலின் பழங்குறிப்பு கூறுகிறது. சங்கிலியிட்ட நாயைப் போல் கட்டுண்ட நிலையிலும் மறுப்பதற்கு அவனிடம் ஒன்று இருந்தது. நம் பாடலில் பேசுபவருக்கோ சுட்டிக்காட்டும் கை மட்டுமே இருக்கிறது. எவர் துயர் பெரிது என்று தீர்ப்பளிக்காமல், இந்த வேறுபாட்டைப் பற்றியே எழுதுங்கள்.

"நான்" என்ற சொல் இதற்குப் பிறகே வரட்டும். அதுவும் ஓர் அடியோடு கட்டுண்டு வரட்டும். எடுத்துக்காட்டாக: "எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் ஒரு மலை தெரியும், அங்கே புதைக்கப்பட்டவர்கள் யாரென்று வீட்டில் எவருக்கும் தெரியாது. பாடலில் அண்ணனுக்குப் பெயர் இல்லாதது என்னை அதனால்தான் தொடுகிறது." மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டம் உங்கள் நினைவுக்கு வந்தால் தாராளமாக எழுதுங்கள், ஆனால் கோப்பிக் காலத்தைப் பாடும் பாடலின் பொருளாக அதைக் காட்டாமல், உங்கள் சிந்தனையாகவே எழுதுங்கள்.

எழுதி முடித்ததும், அடியொன்றைச் சுட்டாத "சோகமான", "கொடுமையான" போன்ற அடைமொழிகளை நீக்கிவிட்டு, தோட்டத்து முதியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் அறிந்த பாடலில் அடிகள் மாறியிருந்தால் திருத்தாமல், கேட்டபடியே குறித்துக்கொள்ளுங்கள்.