சிறு செய்தியறையில் படங்களைச் சரிபார்க்கும் பயிற்சி: நான்கு வாரத் திட்டம்

உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கு உதவ முன்வருபவர்கள் பெரும்பாலும் ஒருநாள் பயிலரங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காலையில் தொடங்கி மாலைக்குள் இருபது கருவிகளைக் காட்டிச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் வெள்ளப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும்போது, அந்த இருபதில் ஒன்றுகூட நிருபரின் நினைவுக்கு வராது. பயிற்சி நடந்தது மண்டபத்தில். வேலை நடப்பதோ கையிலிருக்கும் போனில், பக்கம் முடிக்கும் அவசரத்தில்.

ஐந்து முதல் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு செய்தியறையில், வாசகர்கள் அனுப்பும் படங்களையும் வீடியோக்களையும் சரிபார்க்கும் பழக்கத்தை எப்படி ஊன்றுவது என்று இங்கே பார்ப்போம். முதன்முறையாகப் பயிற்சி நடத்துபவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். வாரம் ஒரு 90 நிமிட வகுப்பு, நான்கு வாரம். தேவைப்படுபவை: நிருபர்களின் சொந்தப் போன்கள், ஒரு கணினி, இணைய இணைப்பு, எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட். கட்டணம் கட்டி வாங்கவேண்டிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

படி 1: முதல் இரண்டு நாள் கவனிப்பு மட்டும்

கற்பிக்கத் தொடங்குமுன் இரண்டு வேலைநாள்கள் செய்தியறையில் உட்கார்ந்து பாருங்கள். படங்கள் எந்த வழியாக வருகின்றன, யார் முதலில் பார்க்கிறார், யார் சொன்னால் வெளியாகிறது, அதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படம் வந்து எட்டு நிமிடத்தில் இணையதளத்தில் ஏறிவிடுகிறது என்றால், அரைமணி நேரம் பிடிக்கும் சரிபார்ப்பு முறையை அங்கே கற்றுக்கொடுத்துப் பயனில்லை. எட்டு நிமிடத்துக்குள் முடிகிற முறையைத்தான் தரவேண்டும், அல்லது அந்த அவசரம் தேவைதானா என்று ஆசிரியரிடம் பேசவேண்டும்.

ஆசிரியரிடம் இப்போதே மூன்று உறுதிமொழிகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒன்று, வகுப்பு பக்கம் முடிக்கும் நேரத்துக்கு அருகில் இருக்கக் கூடாது. இரண்டு, ஆசிரியரும் முதல் வகுப்பில் உட்காரவேண்டும். அவர் வராத பயிற்சியில் கற்றதை மறுநாள் அவரே "அதுக்கெல்லாம் நேரமில்லை, போடு" என்று ஒரே வரியில் அழித்துவிடுவார். மூன்றாவதுதான் பலரும் மறப்பது. செய்திக்கு இவ்வளவு என்று ஊதியம் வாங்கும் பகுதிநேர நிருபருக்குப் பயிற்சி நேரம் என்பது வருமான இழப்பு. அந்த 90 நிமிடத்துக்கும் அவருக்குப் பணம் தரவேண்டும். தராவிட்டால் இரண்டாவது வாரமே அவர் வரமாட்டார், களத்தில் முதலில் படம் பெறுபவரோ அவர்தான்.

படி 2: பத்துப் படங்களைத் திரட்டுங்கள்

பயிற்சிக்கான படங்களை அந்தச் செய்தியறையின் வாட்ஸ்அப்பிலிருந்தே எடுங்கள். நான்கு உண்மையான படங்கள், நான்கு பழைய படங்கள் (வேறு ஆண்டிலோ வேறு இடத்திலோ எடுத்தவை), முடிவுக்கு வர இயலாத இரண்டு. இந்தக் கலவை முக்கியம். பத்தும் போலியாக இருந்தால், எதையும் நம்பாதே என்பதை மட்டும் மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

இதை விளக்க ஒரு நல்ல இணை இருக்கிறது. வெள்ளம் சூழ்ந்த சாலையில் சுறா நீந்தும் படம் ஒன்று 2011இல் ஐரீன் சூறாவளியின்போது பரவியது. படகோட்டி ஒருவரைச் சுறா பின்தொடரும் பழைய புகைப்படத்திலிருந்து அந்தச் சுறாவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதற்குப்பின் பெரிய வெள்ளம் வரும்போதெல்லாம் அந்தப் படம் தலைகாட்டியது. 2022இல் இயன் சூறாவளியின்போது அமெரிக்காவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் வெள்ளநீரில் பெரிய மீன் ஒன்று துடுப்பு தெரிய நீந்தும் வீடியோ வந்தபோது, பழைய போலிதான் என்று பலர் தள்ளிவிட்டார்கள். ஆனால் அது உண்மையான வீடியோ. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மூலக் கோப்பின் மெட்டாடேட்டாவை (எடுத்த நேரம் போன்று கோப்புக்குள்ளேயே பதிவாகும் விவரங்களை) பார்த்து அதை உறுதிசெய்தது. அது சுறாதானா என்பதில் மட்டும் வல்லுநர்களிடம் கருத்து வேறுபாடு இருந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். சந்தேகப்படுவது வேறு, சரிபார்ப்பது வேறு என்பது ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.

படி 3: முதல் வாரம் – அனுப்பியவரிடம் பேசுவது

கருவிகளைத் தொடவேண்டாம். முதல் வாரம் முழுவதும் ஒரே பழக்கம்தான்: படத்தை அனுப்பியவருக்குப் போன் செய்வது. கேட்க வேண்டியவை ஐந்து.

"இதை நீங்களே எடுத்தீர்களா?" "எப்போது, எங்கே நின்று எடுத்தீர்கள்?" "இதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருக்கின்றனவா?" "மூலக் கோப்பை அனுப்ப முடியுமா?" "உங்கள் பெயரோடு வெளியிடலாமா, பெயர் இல்லாமல் வெளியிடலாமா?"

மூன்றாவது கேள்விக்குத்தான் பலம் அதிகம். சம்பவ இடத்தில் நின்றவர் ஒரே படத்தோடு நிறுத்தமாட்டார். முன்னும் பின்னும் மங்கலாக, கோணலாக நாலைந்து இருக்கும். வந்ததை வேறு குழுவிலிருந்து தள்ளிவிட்டவரிடம் அந்த ஒன்று மட்டுமே இருக்கும். "எனக்கு ஃபார்வர்டாக வந்தது" என்று சொன்னால் அவரைக் குறைகூற வேண்டாம். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு, அந்த ஆளுக்கு அழையுங்கள்.

மூலக் கோப்பைப் பற்றி ஒரு நுட்பம். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். எடுத்த தேதி, கேமரா, இடம் போன்ற எக்சிஃப் விவரங்களும் நீங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். இதை அனுப்புபவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நான்கு வரிக் குறிப்பை எழுதி, எல்லா நிருபர்களின் போனிலும் வைத்துவிடுங்கள். ஆனால் அப்படி வரும் கோப்பில் அனுப்பியவரின் வீட்டு இருப்பிடமே பதிவாகியிருக்கலாம். ஆகவே அதை அலுவலகக் குழுக்களில் பகிராமல் தனிக் கோப்புறையில் பூட்டிவையுங்கள். வெளியிடுமுன் அந்த விவரங்களை நீக்கிய பிரதியைத் தயாரியுங்கள். போனின் கடிகாரம் தவறாக இருந்தால் எக்சிஃப் தேதியும் தவறாக இருக்கும், வேண்டுமென்றே மாற்றவும் முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: "இன்னும் கொஞ்சம் கிட்டப்போய் எடுத்து அனுப்புங்கள்" என்று எந்த வாசகரிடமும் எப்போதும் கேட்கக் கூடாது.

படி 4: இரண்டாம் வாரம் – படத்தைக் கொண்டு படத்தைத் தேடுவது

இப்போது கருவி. இரண்டே போதும்: கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye). ஒரு படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று இவை தேடித் தரும். போனிலேயே பழக்குங்கள், கணினியில் கற்றதைக் களத்தில் போனில் செய்யத் தடுமாறுவார்கள்.

லென்ஸில் முழுப் படத்தையும் கொடுத்தால் அது கவனத்தை ஈர்க்கும் பொருளைத் தேடும். எரியும் பேருந்தைக் கொடுத்தால் உலகத்தில் எரிந்த பேருந்துகள் எல்லாம் வரும். கட்டடம், பெயர்ப்பலகை, பாலம் என்று பின்னணியை மட்டும் வெட்டி மீண்டும் தேடச்சொல்லுங்கள். எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால், தேடலில் சிக்காமலிருக்கப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பியிருக்கலாம். திரும்பத் திருப்பித் தேடுங்கள்.

டின்ஐ முடிவுகளைப் பழையது முதலில் வருமாறு வரிசைப்படுத்தலாம். அது காட்டும் தேதி, அந்தப் படத்தை டின்ஐ முதலில் கண்ட தேதி. படம் வெளியான தேதி அல்ல. 'இதற்கு முன்பே இந்தப் படம் இருந்தது' என்று சொல்ல அது போதும். 'இன்றுதான் எடுத்தது' என்று சொல்லப் போதாது. தேடலில் எதுவுமே கிடைக்காத படம் புதியது என்று முடிவுசெய்வதுதான் தொடக்கநிலையினர் செய்யும் மிகப்பெரிய தவறு. தேடுபொறி பார்க்காத படங்கள் எத்தனையோ.

வீடியோவுக்கு: காட்சி மாறும் இடங்களிலும் பலகைகள் தெரியும் இடங்களிலும் நிறுத்தி நான்கைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவற்றைத் தேடுங்கள். கணினி இருந்தால் இன்விட்-வீவெரிஃபை என்ற பிரவுசர் நீட்சி அந்த வேலையைத் தானே செய்யும்.

படம் போலியா என்று விழுக்காட்டில் சொல்லும் தளங்களை இந்தக் கட்டத்தில் தள்ளிவையுங்கள். வாட்ஸ்அப்பில் பலமுறை சுருங்கிய படத்தில் அவை எளிதில் தவறும். செயற்கை நுண்ணறிவுப் படங்களைக் கண்டுபிடிக்கும் தளங்களும் அப்படியே. எண்ணைப் பார்த்ததும் மனம் அதில் ஒட்டிக்கொள்ளும், அனுப்பியவருக்கு அழைக்கும் பழக்கம் போய்விடும்.

படி 5: மூன்றாம் வாரம் – இடமும் நேரமும்

படத்தில் தெரியும் ஐந்து அடையாளங்களை எழுதச்சொல்லுங்கள்: சாலை வளைவு, கோபுரம், மின்கம்ப வரிசை, கடையின் எழுத்து, மலைக்கோடு. பிறகு கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் காட்சியில் அவற்றுள் குறைந்தது மூன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் பொருந்தினால் அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். உள்ளூர் நிருபருக்கு இதில் ஒரு வசதி உண்டு: ஊர் தெரியும். ஆனால் "பார்த்தாலே தெரிகிறது, நம்ம ஊர்தான்" என்பதையும் வரைபடத்தில் காட்டித்தான் ஒப்பவேண்டும்.

நேரத்துக்கு நிழல். சன்கால்க் தளத்தில் இடத்தையும் தேதியையும் கொடுத்தால், எந்த மணிக்குச் சூரியன் எந்தத் திசையில் இருக்கும் என்று கோடு காட்டும்; நிழல் அதற்கு எதிர்ப்புறம் விழும். காலை ஏழு மணிக்கு நடந்தது என்று வந்த படத்தில் நிழல் கிழக்கே நீண்டால் கேள்வி கேளுங்கள். ஆண்டை மட்டும் நிழல் சொல்லாது; இந்த ஆண்டும் சென்ற ஆண்டும் அதே நாளில் சூரியன் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். ஆண்டுக்கு வேறு சான்று வேண்டும்: அன்றைய மழைப் பதிவு, புதிதாகக் கட்டிய கட்டடம், வண்டியின் மாடல்.

சமூக ஊடகப் பதிவைச் சான்றாகக் கொள்வதாக இருந்தால், இணையப் பக்கங்களின் பிரதியைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதை உடனே சேமியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது நீக்கப்பட்டிருக்கலாம். அங்கே காட்டும் நேரம் கிரீன்விச் நேரம் என்பதை மறந்தால் நாள் கணக்கே மாறிப்போகும்.

படி 6: நான்காம் வாரம் – ஷீட்டும் திருத்தமும்

வகுப்பு முடிந்தபிறகும் பழக்கம் நிற்க இதுதான் தூண். புதிய செயலி எதுவும் உருவாக்க வேண்டாம். கூகுள் ஷீட்டில் ஏழு பத்திகள்: வந்த நேரம், அனுப்பியவர் குறியீடு (பெயர் அல்ல), எடுத்தவர் யார், எங்கே, எப்போது, எப்படி உறுதிசெய்தோம், முடிவு. முடிவு மூன்றில் ஒன்றாக மட்டும் இருக்கவேண்டும்: வெளியிடலாம், காத்திருக்கலாம், விடலாம். பத்தி ஏழைத் தாண்டினால் யாரும் நிரப்பமாட்டார்கள். 'எப்படி உறுதிசெய்தோம்' என்பதில் "சரிபார்த்தேன்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "அனுப்பியவரிடம் பேசினேன், முன்பின் படங்கள் மூன்று வந்தன, பாலத்தின் தூண்கள் வரைபடத்தோடு பொருந்தின" என்று இருக்கவேண்டும்.

தவறு நேர்ந்தால் எழுதவேண்டிய திருத்தத்தையும் இந்த வாரமே மாதிரியாக எழுதிவையுங்கள். என்ன தவறு, சரியானது எது, எந்தத் தேதியில் திருத்தினோம் என்ற மூன்றும் செய்தியின் மேலேயே வரவேண்டும். சத்தமில்லாமல் படத்தை மட்டும் மாற்றிவிடுவது திருத்தம் ஆகாது. அந்தச் செய்தியை எந்த வாட்ஸ்அப் சேனலில், எந்தப் பக்கத்தில் பகிர்ந்தோமோ, அங்கேயும் திருத்தத்தைப் போடவேண்டும்; தவறைப் பார்த்தவர்கள் இணையதளத்துக்குத் திரும்பி வரமாட்டார்கள்.

படி 7: நீங்கள் போனபிறகு

ஒருவரை மட்டும் தேர்ந்தவராக்கிவிட்டுப் போகாதீர்கள். அவர் வேலை மாறினால் எல்லாம் அவரோடு போய்விடும். இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள், வெவ்வேறு ஷிஃப்டில் இருப்பவர்களாகப் பார்த்து.

"பயிற்சி எப்படி இருந்தது?" என்று படிவம் கொடுத்துக் கேட்பதால் எதுவும் தெரியாது, எல்லோரும் நன்றாக இருந்தது என்றே எழுதுவார்கள். ஆறு வாரம் கழித்து ஷீட்டைத் திறந்து பாருங்கள். வெளியான வாசகர் படங்கள் எத்தனை, அவற்றுள் ஷீட்டில் பதிவானவை எத்தனை, ஆறாவது பத்தி வெறுமையாக உள்ளவை எத்தனை? பாதிக்குமேல் விடுபட்டிருந்தால் நிருபர்களைத் திட்டுமுன், எந்த மணி நேரத்தில் விடுபடுகிறது என்று பாருங்கள். ஒரே ஆள் வேலை செய்யும் இரவு ஷிஃப்டில் என்றால், அங்கே இன்னொரு வகுப்பு நடத்திப் பலனில்லை. இரவில் வரும் படத்தைக் காலைவரை நிறுத்திவைக்க அந்த ஒருவருக்கு அதிகாரம் உண்டு என்று ஆசிரியரிடம் எழுத்தில் வாங்கிக்கொடுங்கள்.