எண்ணெய் குளியலுக்கு முன்பா, பின்பா? வறண்ட தோலுக்கான அன்றாடப் பராமரிப்பு

என் மகளுக்கு நான்கு மாதம் நடந்துகொண்டிருந்த தை மாதத்தில் அவளுடைய இரு கன்னங்களும் கைகால்களின் வெளிப்புறமும் சொரசொரப்பாகிச் சிவந்தன. நாள்தோறும் தேங்காயெண்ணெய் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவைத்து, பயத்தம் மாவு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி வந்தோம்; இவ்வளவு எண்ணெய் கண்ட தோல் எப்படி வறளும் என்பது வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. அதே நாட்களில் என் கணவரின் முழங்காலுக்குக் கீழே, முன்புறத்தில், மீன் செதிளைப் போல வெள்ளைக் கோடுகள் விழுந்தன. இரவில் அரிப்பு தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தோல் மருத்துவர் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே முறையைச் சொன்னார். அதைச் சரியாகக் கடைப்பிடிக்கக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் விதத்தை வீட்டுப் பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: தண்ணீர்

முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். அது ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். கை பொறுக்கும் சூடு என்பது குழந்தையின் தோலுக்கு மிகுதி. குளியல் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். குளிர்காலத்தில் ஆவி பறக்கும் வெந்நீரில் நெடுநேரம் நிற்பது கால் வறட்சியை நிச்சயம் கூட்டும்.

இரண்டாம் படி: சோப்பு

நம் தோலின் மேற்பரப்பு சற்று அமிலத் தன்மை உடையது, அமில, காரத் தன்மையைக் காட்டும் அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5 (7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). பிறந்த குழந்தையின் தோல் முதலில் நடுநிலைக்கு அருகில் இருந்து, அடுத்த சில வாரங்களில் இந்த அளவுக்கு இறங்குகிறது. வழக்கமான சோப்புக் கட்டியின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். எங்கள் வீட்டைப் போல ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் இடங்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, வாளியின் விளிம்பில் படிகிறதே அதே வெள்ளைப் படிவாகத் தோலிலும் ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு அலசினாலும் அது எளிதில் போகாது.

ஆகவே நான் உறுதியாகச் சொல்வது, வறண்ட தோலுக்குச் சோப்பல்லாத கட்டியையே, அதாவது சிண்டெட் வகையையே, வாங்குங்கள் என்பதுதான். உறையின் முன்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பாமல் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்பது முன்னால் இருந்தால் அது சிண்டெட். "டி.எஃப்.எம். 76 சதவீதம் உள்ள முதல் தரச் சோப்பு போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு, நிரப்புப் பொருள் எவ்வளவு என்பதைக் காட்டுகிறதே தவிர, காரத் தன்மையைக் குறைத்துக் காட்டுவதில்லை. மணம் சேர்க்காததாக இருப்பது அதைவிட முக்கியம்.

பெரியவர்கள் அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் நாள்தோறும் சோப்பு போட்டால் போதும். என் கணவர் கால்களுக்குச் சோப்பு போடுவதை நிறுத்திய முதல் வாரத்திலேயே அரிப்பு பாதியாகக் குறைந்தது.

மாவைப் பற்றிக் கேட்பீர்கள். நல்ல தோலுள்ள பெரியவர்கள் பயத்தம் மாவும் சீயக்காயும் தேய்த்துக் குளிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நானும் அப்படித்தான் குளிக்கிறேன். ஆனால் சிவந்து வெடித்திருக்கும் குழந்தைத் தோலில் எந்த உணவு மாவையும் தேய்க்காதீர்கள். குருணை தோலை மேலும் கீறும் என்பது ஒரு காரணம். உணவுப் புரதம் வாய் வழியாக அல்லாமல் உடைந்த தோல் வழியாக உடலுக்குள் போகும்போது, பின்னாளில் அந்த உணவே ஒவ்வாமல் போகலாம் என்பது இன்னொரு காரணம். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்தியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவு ஒவ்வாமை ஏற்பட்டு, 2011-ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை எந்தச் சிக்கலும் இன்றிக் கோதுமை சாப்பிட்டு வந்த பெரியவர்கள்.

மூன்றாம் படி: ஒற்றி எடுத்தல்

துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்தித் துணியே துண்டாகச் சிறந்தது. தேய்க்காமல் ஒற்ற வேண்டும். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களை மட்டும் முழுதாக உலர்த்திவிட்டு, மற்ற இடங்களில் மெல்லிய ஈரம் இருக்கும்படி விட்டுவிடுங்கள். அந்த ஈரம் அடுத்த படிக்குத் தேவை.

நான்காம் படி: பூச்சு, நாங்கள் தவறிய இடம்

எண்ணெய்க்கும் களிம்புக்கும் தோலுக்குள் தண்ணீர் கொடுக்கும் ஆற்றல் இல்லை. தோலின் மேலடுக்கில் ஏற்கெனவே இருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் மூடி வைப்பதே அவற்றின் முதன்மையான வேலை. நாங்கள் குளியலுக்கு முன்பு, உலர்ந்த தோலில் எண்ணெய் தேய்த்தோம். பிறகு அந்த எண்ணெயையும் தோலின் சொந்தக் கொழுப்பையும் சேர்த்து மாவால் வழித்து எடுத்தோம். குளியலில் தோல் உறிஞ்சிய நீர் தடுப்பாரின்றி ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. நாள்தோறும் எண்ணெய் கண்ட குழந்தையின் தோல் ஏன் வறண்டது என்ற எங்கள் கேள்விக்கு விடை இதுதான். குளித்து முடித்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காய்வதற்கு முன்னால், பெட்ரோலியம் ஜெல்லி போன்ற ஈரப்பதப் பூச்சு தோலில் இருக்க வேண்டும். அதற்காகப் பூச்சு டப்பாவைத் திறந்து, குளிப்பாட்டும் இடத்துக்கு அருகிலேயே முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் தேடும் நேரத்தில் அந்த மூன்று நிமிடம் போய்விடும்.

நேரத்தைத் திருத்திக்கொண்ட பிறகும் எங்களுக்கு முழுப் பலன் கிடைக்கவில்லை. மறுமுறை மருத்துவரைப் பார்த்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "50 கிராம் டப்பா எத்தனை நாள் வருகிறது?" என்பதுதான். இரண்டு மாதம் வருகிறது என்றேன். அது ஒரு வாரத்துக்குக்கூடப் போதாது என்றார்.

அவர் கற்றுத் தந்த அளவு முறை இது. 5 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து, பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியில் தொடங்கி முதல் மடிப்பு வரை பிதுக்கும் களிம்பு ஏறத்தாழ அரை கிராம். இதை விரல்நுனி அளவு என்பார்கள். பெரியவரின் இரண்டு உள்ளங்கைகளும் விரல்களும் சேர்ந்த பரப்புக்கு இது போதும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு முகத்துக்கும் கழுத்துக்கும் ஒன்று, ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை, மார்புக்கும் வயிற்றுக்கும் ஒன்று, முதுகுக்கும் புட்டத்துக்கும் ஒன்றரை, ஆக எட்டரை. நாளைக்கு இருமுறை பூசினால் வாரத்துக்கு ஏறத்தாழ 60 கிராம் ஆகிறது. பெரியவருக்குப் பாதத்தோடு சேர்த்து ஒரு காலுக்கு மட்டும் எட்டு விரல்நுனி, அதாவது 4 கிராம் வேண்டும். மருந்துக் களிம்புக்காக வகுத்த அளவு இது என்பதால், ஈரப்பதப் பூச்சுக்கு இதைக் குறைந்தபட்சமாகவே கொள்ளுங்கள், கூடினால் தீங்கில்லை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நான் சிறு டப்பா வாங்குவதை விட்டுவிட்டேன். விலை உயர்ந்ததைச் சிக்கனமாகத் தொடுவதைவிட, விலை மலிந்த, மணமற்ற பூச்சை வேண்டிய அளவு பூசுவது எவ்வளவோ மேல்.

பூசும்போது அங்கங்கே பொட்டுப் பொட்டாக வைத்து, முடி வளரும் திசையிலேயே கீழ்நோக்கி வழியுங்கள். மேலும் கீழுமாக அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சிறு சிறு கொப்புளங்கள் வரும். பெரிய டப்பாவுக்குள் விரலை விடாமல், சுத்தமான கரண்டியால் எடுங்கள்.

எண்ணெய் மட்டுமே போதும் என்று நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை தேங்காயெண்ணெய். பிலிப்பைன்ஸில் கரப்பான் (எக்சிமா) உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சுத்தமான தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. ஆலிவ் எண்ணெயை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம் தோலின் காப்பு அடுக்கைக் குலைக்கிறது. கடுகு எண்ணெய் எரிச்சல் தரக்கூடியது. எண்ணெய்க் குளியலையே விட்டுவிடத் தேவையில்லை. வாரம் ஒருமுறை முன்னால் தேய்த்தாலும், குளித்த பின் ஈரத் தோலில் மறுபடியும் ஒருமுறை பூசுங்கள்.

பவுடரும் நாப்கினும்

பவுடர் வேண்டாம். அது ஈரத்தை நீக்குவதைவிட மடிப்புகளில் திரண்டு உறுத்துவதே மிகுதி; பறக்கும் தூளைக் குழந்தை சுவாசிப்பது நுரையீரலுக்கு நல்லதல்ல. நாப்கின் பகுதிக்குத் துத்தநாக ஆக்சைடு களிம்பு போதும். தொடை மடிப்புக்குள்ளேயே அடர்ந்து சிவந்து, சுற்றிலும் தனித்தனிச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும்.

வாசகர்கள் எழுதிய பிறகு சேர்த்தவை

சித்திரையில் ஒரு தாய், நான் சொன்னபடி பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகப் பூசியதில் குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்துவிட்டதாக எழுதினார். அவர் சொன்னது சரி. பருவத்தைக் குறிப்பிடாமல் விட்டது என் தவறு. கனமான களிம்பு வியர்வை நாளங்களை அடைக்கும். மார்கழி, தை மாதங்களுக்குக் களிம்பும், வெயில் காலத்துக்கு எளிதில் பரவும் கிரீமோ லோஷனோ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடும் வழக்கத்தைப் பற்றி இருவர் கேட்டார்கள். புகை குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. இதில் பூச்சு சம்பந்தப்பட்ட ஆபத்தும் உண்டு: எண்ணெயோ களிம்போ ஊறிய துணி மிக எளிதாகத் தீப்பற்றும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது, துவைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. கனல் இருக்கும் தூபக்காலை அந்தத் துணிக்கு அருகில் கொண்டுபோகவே வேண்டாம்.

வறட்சியே இல்லாத குழந்தைக்கும் பிறந்தது முதல் பூசினால் கரப்பான் வராமல் தடுக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. பிரிட்டனில் ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், முதல் ஆண்டு முழுதும் நாள்தோறும் பூசியும் கரப்பான் குறையவில்லை. ஆகவே வறண்ட தோலுக்குப் பூசுங்கள். நன்றாக இருக்கும் தோலை அதன் போக்கில் விடுங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தந்தது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு களிம்பைக் குழந்தையின் நாப்கின் பகுதிக்குப் பூசியதாக ஒருவர் எழுதிய கடிதம். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் கலந்த களிம்புகள் நம் ஊரில் அரிப்புக்கெல்லாம் கைகொடுக்கும் மருந்தாகக் கைமாறுகின்றன. குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு நாப்கினுக்குள் மூடிய நிலையில் பல மடங்கு உறிஞ்சப்படும். பெரியவர்களின் படர்தாமரைக்குப் பூசினாலும் முதலில் அரிப்பு அடங்குமே தவிர, பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே போகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டைப் பயந்து விட்டுவிடவும் வேண்டாம். எது, எங்கே, எத்தனை நாள் என்று சொன்னாரோ அப்படியே பூசுங்கள்.

பூச்சால் ஆகாதவை சில உண்டு. மஞ்சள் பொருக்கு, நீர் வடிதல், காய்ச்சல், ஒன்றாகக் குவிந்த வலிக்கும் கொப்புளங்கள் ஆகியவை தெரிந்தாலோ, பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குச் சீழ்க்கொப்புளம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் அரிப்பு மிகுந்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிகள் தோன்றி, வீட்டில் ஒருவருக்குப் பிறகு ஒருவராகச் சொறியத் தொடங்கினால் அது சொறிப்பூச்சியாக இருக்கக்கூடும். அப்போது மருத்துவர் தரும் மருந்தை, அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும். படுக்கை விரிப்புகளையும் உடைகளையும் மறுநாள் காலையிலேயே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.