பரணில் வெர்மிகுலைட் கிடந்தால் ஆஸ்பெஸ்டாஸ் சோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி

பரணில் பழுப்பும் வெள்ளியும் கலந்த நிறத்தில், துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகப் பொடிக்கற்கள் கொட்டிக் கிடந்தால் அது பெரும்பாலும் வெர்மிகுலைட்தான், அதாவது வீட்டின் வெப்பம் வெளியேறாமல் இருக்கப் பரணில் கொட்டும் ஒரு கனிமம். அமெரிக்காவிலோ கனடாவிலோ 1990-க்கு முன் கட்டிய வீடு என்றால் அதைக் கிளறவே கிளறாதீர்கள். 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 சதவீதத்துக்கும் மேல் மொன்டானாவின் லிப்பி சுரங்கத்திலிருந்து வந்தது, அங்கே பாறையிலேயே ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். லிப்பி வெர்மிகுலைட் விற்ற பிராண்டான சோனோலைட் (Zonolite) என்ற பெயர் போட்ட பழைய பை எங்காவது கிடக்கிறதா என்று பரண் வாசலில் நின்றபடியே டார்ச் அடித்துப் பாருங்கள், கிடந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி.

பரணில் ஏறவே போவதில்லை, எந்த வேலையும் செய்யப் போவதில்லை என்றால் சோதனையே வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இதைத்தான் சொல்கிறது. வயரிங் மாற்றவோ கூரையைப் பிரிக்கவோ போகிறீர்கள் என்றால் சோதனைக்கு அர்த்தம் உண்டு. பயிற்சி பெற்ற ஆளை வைத்து மாதிரி எடுப்பதே நல்லது.

நீங்களே எடுப்பதாக இருந்தால், முதலில் ஏசி, ஹீட்டர், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்துங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். சாதாரணத் துணி மாஸ்க் இதற்கு உதவாது, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும், மிக நுண்ணிய தூசையும் வடிகட்டும் பி100 (P100) ஃபில்டர் மாஸ்க் வேண்டும், கூடவே கையுறையும் வேலை முடிந்ததும் கழற்றி எறியக்கூடிய மேலுடையும். அப்புறம் முக்கியமான விஷயம்: மேலாக ஒரு பிடி அள்ளிவிட்டு வந்துவிடாதீர்கள், ஏனென்றால் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் கனமானவை, நாளடைவில் அடியில் போய்த் தங்கிவிடும், அதனால் கரண்டியை அடிப்பலகை வரை மெதுவாக இறக்கி அடியிலிருந்து அள்ள வேண்டும், அதுவும் ஒரே மூலையில் இல்லாமல் தள்ளித் தள்ளி மூன்று நான்கு இடங்களில். ஜிப்லாக் பையில் போட்டு மூடி, வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, இன்னொரு பைக்குள் வையுங்கள்.

எவ்வளவு மாதிரி வேண்டும் என்று லேபை முன்கூட்டியே கேளுங்கள், சிலர் ஒரு காலன் பை நிறையக் கேட்பார்கள். வெர்மிகுலைட்டுக்கென்றே உள்ள முறையில் சோதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்த முறையில் மாதிரியைத் தண்ணீரில் போடுவார்கள், வெர்மிகுலைட் மிதக்கும், அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இப்படிச் செய்யாமல் நாலு துணுக்கை மட்டும் பார்த்து 'இல்லை' என்று எழுதித் தந்தால் அதை நம்பிப் பரணில் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

'இருக்கிறது' என்று வந்தால் ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற உரிமம் உள்ளவர்களைத்தான் கூப்பிட வேண்டும். அதுவரை பரணில் சாமான் வைக்காதீர்கள், கீழ்க்கூரையில் விளக்கைச் சுற்றியுள்ள இடுக்குகளை அடைத்துவிடுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது இழைகளை வீடு முழுக்கப் பரப்பிவிடும்.