ஆஸ்திரேலிய மாணவர் விசா: வேலை நேரத்தைக் கணக்கிடும் முறை

500 வகை மாணவர் விசாவில் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கச் செல்பவர்கள், வகுப்புகள் நடைபெறும் காலத்தில் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற வரம்பு 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பலரும் தவறுவது இந்த இரண்டு வாரக் கணக்கில்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புதிய பதினான்கு நாள் கணக்கு தொடங்குவதால், அடுத்தடுத்து வரும் எந்த இரண்டு வாரங்களைக் கூட்டினாலும் 48-ஐத் தாண்டக் கூடாது. முதல் வாரம் 20, இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 24 மணி நேரம் உழைத்தவருக்கு முதல் கூட்டல் சரியாக 48. அடுத்ததோ 52, அது விதிமீறல்.

ஆகவே ஷிஃப்ட் முடிந்ததும் நேரத்தைக் குறித்துவையுங்கள். ஞாயிறு இரவு உணவகத்தில் பாத்திரம் கழுவி முடிக்க ஒரு மணியாகிவிட்டால், நள்ளிரவுக்குப் பிந்தைய அந்த ஒரு மணி நேரம் திங்கட்கிழமைக் கணக்கில் சேரும். இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கும் சம்பளத்துக்கும் விலக்கில்லை.

படிப்பு தொடங்குமுன் வேலையில் சேரக் கூடாது. கல்வி நிறுவனம் அறிவித்த விடுமுறையில் வரம்பு இல்லை. ஆய்வு முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குப் படிப்பு தொடங்கியபின் வரம்பே கிடையாது. பாடத்திட்டத்தில் கட்டாயமாகப் பதிவுசெய்யப்பட்ட பயிற்சியும் இந்த 48-இல் சேராது. உங்களுக்குரிய நிபந்தனை எது என்பதை உள்துறையின் 'வீவோ' இணையச் சேவையில் பார்த்துவிட்டு வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.